உவர் நிலத்தில் நாலு கம்பி

ஏலத்தில் எடுத்த ஜீப்.
புதுப் பச்சைக்கு அடியில்
வேளாண்மைத் துறை என்ற எழுத்து
இன்னும் மங்கலாகத் தெரிகிறது.
திருத்துறைப்பூண்டியில் சவரிராயன் பட்டறைக்கு
அதன் தலையில் ஓட்டை போடக் கொண்டுவந்தேன்.

"மழ எறங்குமே மேடம்."
இறங்கும்.
"காந்தம் வச்சு ஒட்டிக்கலாம்ல?"
ஒட்டலாம்.
கோடியக்காட்டுப் பாதையில் முதல் கருவேலங்கிளை
அதைத் தட்டிக்கொண்டு போய்விடும்.
போன புயலில் செல் கோபுரங்கள்
ஐந்து நாள் ஊமையாய்க் கிடந்ததை
அவரும் பார்த்தவர்தான்.
மேற்கொண்டு கேட்கவில்லை.

நாலு கம்பி, ஒரே கூரை.
நடுவிடம் யாருக்கு என்பதில்
மூன்று இரவு தூக்கம் போயிருந்தது.
அரை மீட்டர் கம்பிக்கே கொடுத்தேன்.
சுற்றிலும் தகரம் சமமாய்க் கிடைத்தால்
எல்லாப் பக்கமும் ஒரே குரலில் பேசும்;
ஓரத்தில் நிறுத்தினால்
ஒரு காது மட்டும் கேட்கிற
என் மாமனார் மாதிரி.

சாண் நீளக் குட்டிக்குக் கூரையின் பின்விளிம்பு.
படகுக்காரர்களைக் கேட்க மட்டும் வைத்த மூன்றாவதற்கு
பானெட்டின் வலது ஓரம்.
ஏழு மெகாஹெர்ட்ஸ் நெட்டையன்,
வயிற்றில் சுருளும் காலில் ஸ்பிரிங்கும் உள்ளவன்,
பின் பம்பரில் தனிக்குடித்தனம்.
நெருக்கி வைத்தால்
ஒருவன் வாய் திறக்கும்போது
மற்றவன் செவிடாகிவிடுவான்.
வீட்டிலும் பார்த்ததுதான்.

டிரில் கடித்தது.
தகரச் சீவல் சுருள் சுருளாய்
ஓட்டுநர் இருக்கையில் உதிர்ந்தது.
கடன் பாக்கி இன்னும் பதினோரு மாதம்;
பல் கூசியது.

"வாஷருக்கு அடியில பெயிண்ட சொரண்டுங்க."
"சொரண்டுனா துரு புடிக்கும்."
"புடிக்கட்டும்.
பெயிண்ட் இருக்கிற இடத்துல
கம்பிக்குத் தரை கிடைக்காது."
க்ரீஸ் தடவினோம்.
கதவுக்கும் உடலுக்கும் செம்புப் பின்னல் முடிந்தோம்.
டாஷ்போர்டுக்கு அடியில் நாலு கேபிள்;
எது எதனுடையது என்று
பட்டறைப் பையன் இம்ரான்
கலர் டேப் சுற்றினான்.
இரண்டுக்கு ஒரே சிவப்பு.
அதை மறுநாள்தான் கண்டுபிடித்தேன்.

சாயங்காலம் சவரிராயனும் ஏறிக்கொண்டார்.
ஐப்பசி, ஆனாலும் வானம் காலி.
தோப்புத்துறை தாண்டி உப்பளத்து ஓரம்
நாலு சக்கரமும் இழுத்தால்தான் நகரும் சேறு.
"இங்க நிறுத்துங்க" என்றார்.
"எங்க மச்சான் வயலு.
கடலு ஏறுன பொறவு ஒரு மணி வெளையல."

மீட்டரைப் பார்த்தேன்.
பட்டறை வாசலில் ஒன்றரையில் நின்ற ஊசி
இங்கே இரண்டைத் தாண்டியது.
"பழுதா?"
இல்லை.
பட்டறை மண்
பாதியைத் தானே விழுங்கிக்கொண்டு
ஊசியை ஒழுங்காய் நிற்க வைத்திருந்தது.
இந்த மண் விழுங்கவில்லை.
வந்ததை எல்லாம் கடல் பக்கம் தள்ளிவிடுகிறது.

கூப்பிட்டேன்.
இரைச்சல்.
மறுபடி கூப்பிட்டேன்.
இரைச்சலுக்குள்ளிருந்து தமிழில் ஒருவர்,
போர்ட் பிளேர்,
ஐந்து ஒன்பது என்றார்,
அங்கே இருட்டி வெகுநேரமாம்.
என்ன கம்பி, எத்தனை வாட், எந்த மலை மேல் என்று
ஆச்சரியமாய் விசாரித்தார்.
மலையா?
முழங்கால் உயரத்துக்குக்கூட
இங்கே மேடு இல்லை.

சவரிராயன் இறங்கிக் குனிந்து
ஒரு விரல் மண் எடுத்து
நாக்கில் வைத்துப் பார்த்தார்.
நெல்லுக்கு ஆகாததை
அலைக்கு ஆகும் என்று
நான் சொல்லி முடிப்பதற்குள்
ஜன்னல் வழியே தலை நீட்டிக் கேட்டார்:
"அப்ப இதுக்கு
ஏக்கருக்கு என்னா குடுப்பாங்க மேடம்?"

மைக்கின் பொத்தானை
நான் இன்னும் அழுத்திப் பிடித்திருந்தேன்.

விட்டேன்.
கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
பிறகு அந்தமானிலிருந்து:

"சரியா விளங்கல,
மறுபடி சொல்லுங்க...
ஏக்கருக்கு என்ன?"