தூசி நீக்கலாம்

உயிரியல் துறையின் படப்போட்டி.
ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் மட்டும்.
விதி ஏழு:
லென்ஸில் படிந்த தூசியை நீக்கலாம்,
வேறொன்றை எடுக்கக் கூடாது, வைக்கக் கூடாது.

சுலைபிகாத் கழியில் கடல் பின்வாங்கிய காலை
முழங்கால்வரை சேறு.
என் செருப்பில் ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.
தூரத்தில் மின்நிலையப் புகைக்கூண்டுகள்
வெயிலில் நெளிய,
காலடியில் சேற்றுத்தாவி மீன்கள்
வாயால் மண் சுமந்து வரப்பு கட்டியிருந்தன.
ஐந்து மூலை வீடு, ஆறு மூலை வீடு,
ஒன்றுக்கு மட்டும் ஏழு.
எண்ணுவதுதான் என் வேலை.
ஒரே சுவருக்கு இருபக்கமும் குடித்தனம்,
ஃபர்வானியாவில் எங்கள் மூன்றாம் மாடி போல:
அடுத்த வீட்டு மிக்ஸி ஓடினால்
என் மேசைத் தண்ணீர் நடுங்கும்.

நான் அழுத்திய நொடியில்
ஒன்று துடுப்பு விரித்து எழும்பியது,
பக்கத்து வீட்டது வாய் பிளந்தது.
தொடுவானம் சாய்ந்துபோனது.
"சாய்ந்தால் என்ன, சண்டை நிமிர்ந்து நிற்கிறதே"
என்றாள் ரொவேனா,
தன் வௌவாலை அன்று மதியமே அனுப்பிவிட்டவள்.

இரவு பதினொன்றே முக்கால்.
பன்னிரண்டுக்குப் போட்டி மூடும்.
பெரிதாக்கிப் பெரிதாக்கித்
தூசி துடைத்துக்கொண்டு வந்தேன்.
வானத்தில் நான்கு. புகைக்கூண்டருகே ஒன்று.
வரப்பின் மேல் ஒன்று.
சுட்டியைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன்,
அதற்குக் கால் இருந்தது.

எட்டு. அப்புறம் கொடுக்கு.
குருணையளவு நண்டு,
இருதரப்புச் சண்டையையும் சட்டை செய்யாமல்
மதில்மேல் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

அழகுதான். ஆனால் எனக்கு
அடிவயிறு சில்லிட்டது.
எட்டு மாதம், இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்,
மென்பொருள் குழம்பக் கூடாதென்று
அத்தனை படத்தையும் இதே கையால் துடைத்த பிறகுதான்
அட்டவணையில் எழுதினேன்:
நண்டு இல்லை. நண்டு இல்லை. நண்டு இல்லை.
டாக்டர் ஹனான் அதை மஸ்கட்டில் வாசித்தும்விட்டார்.
அந்த இல்லைக்குக் கைதட்டினார்களாம்.

பதினொன்று ஐம்பத்தெட்டு.
படிவம் தலைப்புக் கேட்டது.
"அண்டை வீட்டார்" என்று அடித்திருந்ததை
அழித்தேன்.
அப்புறம் எதுவும் அடிக்கவில்லை.

துடைக்காத மூலப் படங்கள்
பீரோவில் சாக்ஸுகளுக்கு அடியில் ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்தன.
அது முனகித் திறக்கும்வரை
அடுத்த வீட்டில் யாரோ ஆணி அடித்தார்கள்,
நள்ளிரவில், பொதுச் சுவரில்.

முதல் கட்டம்.
இடது மூலையில் ஒரு புள்ளி.
பெரிதாக்கினேன்.
தூசிதான்.

அடுத்ததைத் திறந்தேன்.