அரசாங்கத்து விரல்

சொசைட்டி மெஷினுக்கு என்னைத் தெரியவில்லை.
பத்து விரலையும் ஒவ்வொன்றாய் அறிமுகம் செய்தேன்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு 'கீங்'.
"தலைமுடியில தேச்சிட்டு வையுங்க" என்றார் திம்மராயன்.
வைத்தேன்.
"ஈரத்துணியில தொடைச்சிட்டு?"
தொடைத்தேன்.
கண்ணாடிக்கு அடியில் சிவப்பு வெளிச்சம்
என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு
யாரோ என்றது.

அவருக்குப் பின்னால் கூரை முட்ட யூரியா.
எனக்குப் பின்னால் காவேரிப்பட்டணத்து வரிசை,
"நகரும்மா" என்று.
நட்டுப் பதினெட்டு நாள்.
வாய்க்காலில் தண்ணீர் போகிறது,
பயிர் மஞ்சளாய் நிற்கிறது.

ரேகை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும்.
பழையபேட்டை மண்டியில்
குளிர்கிடங்கிலிருந்து இறங்கும் புளி
கல்லாட்டம் இருக்கும்.
தட்டி, ஓடு நீக்கி, நார் உருவி, கொட்டை எடுத்து
கிலோவுக்கு இத்தனை என்று கூலி.
தராசில் வைக்கும் ஒவ்வொரு கிலோவோடும்
என் விரலும் கொஞ்சம் எடைக்குப் போகிறது.
மீதியை மார்கழிக் காற்று கீறியது.
சேலையைத் தொட்டால் நூல் மாட்டி இழுக்கும்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டரம்மா
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
சீட்டில் எழுதியதை வாசித்தும் காட்டினார்:
யூரியா. பத்து சதவீதம். ராத்திரியில பூசணும்.

சிரித்துவிட்டேன்.
"அதுக்குத்தானேம்மா இந்த விரல்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
புரிந்தபோது அவரும் சிரித்தார்,
பிறகு சிரிக்காமல் சொன்னார்:
"இது உங்க தோல்லயே இருக்கிற சரக்குதான்.
தண்ணிய இழுத்துப் பிடிச்சு வைக்கும்.
உங்களுக்குக் கரைஞ்சு போயிருக்கு."

வரப்பு உடைந்த கழனி என்று எடுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் மாதையனுக்கு வேறு கணக்கு.
"ராமக்கா மூட்டையில கைப்பிடி வாங்கி
தேங்காயெண்ணெயில கொழைச்சா ஆச்சு."
மருந்துக்கடை சாதிக்கிடம் கேட்டேன்.
"அய்யோ அக்கா, அது பயிருக்கு.
பேர் ஒண்ணா இருந்தா ஆள் ஒண்ணா?"

முப்பது கிராம் டியூப், நூற்றி எழுபத்தைந்து ரூபாய்.
இன்னும் நூறு போட்டால்
நாற்பத்தைந்து கிலோ மூட்டையே வரும்,
மெஷின் மனசு வைத்தால்.

அதனால் ஒரே ஒரு விரலுக்குத்தான் என்று முடிவு செய்தேன்.
வலது பெருவிரல்.
மற்ற ஒன்பதும் எனக்கு,
இது அரசாங்கத்துக்கு.

முதல் ராத்திரி வெடிப்பில் எரிந்தது.
புளியைவிடக் கம்மிதான்.
பால் கவரைக் கத்தரித்து மாட்டி
நூல் சுற்றிப் படுத்தேன்.
பகலில் அதைத் தூக்கிப் பிடித்தபடியே
ஒன்பது விரலில் புளி உரித்தேன்.
"சாலம்மா எல்லாருக்கும் லைக் போடுறாடி"
என்று கொட்டை தெறிக்கச் சிரித்தாள் கௌரம்மா.
நாளைக்கு நாலு கிலோ குறைந்தது.
அதைக் கணக்கில் சேர்த்தால்
அந்த டியூப்பின் விலை எனக்குச் சொல்லத் தெரியாது.

பன்னிரண்டாம் நாள்
பஸ் ஜன்னல் வெளிச்சத்தில் விரலைப் பிடித்துப் பார்த்தேன்.
வளைந்து வளைந்து மெல்லிய சால்கள்.
பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் விரல் மாதிரி.
என்னுடையதுதானா என்று
எனக்கே கொஞ்சம் சந்தேகம்.

மெஷினுக்கு இல்லை.

பச்சை விளக்கு. பில். இரண்டு மூட்டை.
திம்மராயன் தலையே நிமிரவில்லை.
"அடுத்த ஆள்."

கழனியில் இறங்கி வீசும்போது
ஈரக் கையில் யூரியா சில்லென்று இருந்தது,
எப்போதும் போல.
பழக்கத்தில் பெருவிரலைத் தூக்கியபடியே வீசினேன்.

ராத்திரி மாதையன் ஒன்றும் கேட்கவில்லை.
வெடித்த குதிகாலை என் பக்கம் நீட்டினார், அவ்வளவுதான்.
புளிக்கத்தியால் டியூப்பைப் பிளந்து
வழித்துப் பார்த்தேன்.
ஒரு பட்டாணியளவு.

வெள்ளிக்கிழமை ரேஷன் கடை.
அங்கேயும் ஒரு மெஷின் உட்கார்ந்திருக்கிறது.

"காலை இழுத்துக்குங்க" என்றேன்.