ஒரே பாட்டு, ஒன்பது பேர்

தைராய்டை எடுத்த மறுவாரம்
கேஸ் பதிய போன் போட்டேன்.
"சொல்லுங்க சார்" என்றாள் அந்தப் பெண்.
சாராகவே சொன்னேன்:
சிம்ஸ் பூங்காவுக்கு மேலே, பச்சைக் கதவு,
சிலிண்டரைப் படியேறிக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.
குன்னூரில் முதல் தடவையாக
கொண்டுவந்து வைத்தார்கள்.

நரம்பு களைத்திருக்கிறது, ஆறு மாதம் பார்ப்போம்
என்றார் டாக்டர் ஹமீதா.
பார்த்தோம். பதினாறு மாதம் ஆயிற்று.
பாடகர் குழுவில் முதல் வரிசை சோப்ரானோ நாற்காலி
என்னிடமிருந்து போனது,
மரியாதையாகத்தான், ஒரு சால்வையோடு.
"கட்டை கொஞ்சம் இறங்கிட்டுதும்மா" என்றார் மாஸ்டர்.
இறங்கவில்லை சார்,
உருண்டு விழுந்துவிட்டது.

பெட்டி அந்த மழையில்தான் வந்தது.
லோயர் குன்னூரில் ஒரு பங்களாவைக் காலி செய்த போஜன்
மேசையை விற்றான், மான் கொம்பை விற்றான்,
"இது மட்டும் போகலக்கா,
அத்தனை தட்டும் கிழட்டு ஆம்பளைங்க" என்று
பிளேயரோடு சேர்த்து எழுநூறுக்குத் தள்ளிவிட்டான்.

உறைகளில் கிரீடம், தாடி, கறுப்பு அங்கி.
ஒருவர் மட்டும் கோட்டும் டையும் போட்டு
கடன் தர மறுக்கும் வங்கி மேனேஜர்போல.
ஓபராவில் அடிக்குரலுக்குக் காதல் கிடையாது என்பது
பாட்டைப் போடுமுன்பே தெரிந்துவிட்டது.
காதலெல்லாம் மேல்குரல்காரனுக்கு.
பாஸுக்கும் பாரிடோனுக்கும்
அப்பன் வேஷம், பூசாரி வேஷம், சாத்தான் வேஷம்,
இல்லையென்றால்
கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறவன் வேஷம்.

ஒன்பது தட்டில் இருப்பது ஒரே பாட்டு
என்று பிடிபட ஒரு வாரமாயிற்று.
ஒருவர் அதை
பர்லியாறு வளைவில் இறங்கும் லாரிபோல
இரண்டாம் கியரிலேயே பாடுகிறார்.
ஒருவர் ஒவ்வொரு சொல்லையும்
வாயில் வைத்துச் சூடு ஆற்றிவிட்டுத்தான் விடுகிறார்.
மிகப் பழைய தட்டில் தகரக் கூரை மழை.
எது தட்டின் மழை, எது என் கூரையின் மழை
என்று எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
இரண்டும்.
ஐந்தாவதில் சபையில் யாரோ இருமுகிறார்.
இப்போது அந்த இருமலுக்காகவும் காத்திருக்கிறேன்.

உறையின் பின்னால் பென்சிலில் மதிப்பெண்.
ஆறு. ஏழரை. நான்கு. மறுபடி ஏழரை.
யார் போட்டதோ,
கண்டிப்பான ஆள்.
ஒன்பதாவதற்கு மட்டும் மதிப்பெண் இல்லை,
ஒரு தேதி. அவ்வளவுதான்.

கீழ்வீட்டு ரூபன் போனை நீட்டி அர்த்தம் பிடித்துக்கொடுத்தான்.
கோட்டை வாசலில் ஒரு காவல்காரன்.
விளக்கு அணைந்து வெகுநேரம் ஆயிற்று,
யாரும் கவனிக்கவில்லை என்கிறான்.
"இதுக்கா ஆன்ட்டி ஒன்பது பேரு?"

ஒன்பதாமவருக்கு அந்தக் கடைசிக் குறிப்பு
கையில் இல்லை.
வயசாகிவிட்டது. அவருக்கே தெரியும்.
வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட,
படி படியாக இறங்கி,
கடைசிப் படி இருக்க வேண்டிய இடத்தில்
காலை வைக்கிறார்.
கேட்பது குரல் இல்லை.
காற்று, கொஞ்சம் மரம்,
மேசையில் என் டம்ளர் லேசாக நடுங்குவது.

வேலிக்கு அந்தப் பக்கம் மூடுபனிக்குள்
காட்டெருமை ஒன்று நின்றது.
தலை தூக்கிக் கேட்டது என்று எழுத ஆசைதான்.
கேட்கவில்லை.
என் மேரக்காய்க் கொடியை மென்றுகொண்டிருந்தது.

ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்து
நானும் அவரோடு இறங்கினேன்,
ஒரு மாடி மேலே, பக்கத்துப் படியில்.
பழைய தொண்டையில் இந்த இடமே கிடையாது.
அவருக்கு இல்லாத அந்தப் படி
எனக்கு இருந்தது.
முரடாக, ஈரமாக,
நின்றால் தாங்குகிற மாதிரி.

தட்டு முடிந்தும் ஊசி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
பென்சிலைத் தேடி எடுத்து
அந்தத் தேதிக்குக் கீழே இன்னொரு தேதி போட்டேன்.
அன்று என்ன தேதி என்று
காலண்டரைப் பார்க்க வேண்டியிருந்தது.