அரைக்கால் சுற்று

நம்ப முடியாமல்தான் எடைமேடையில் ஏற்றினேன்.
அறுநூற்றுப் பத்து கிலோ.
முன்னால் போன லாரியில் பர்கூர்க் கருங்கல்
ஒரே பாளம், பதினெட்டு டன்.
சீட்டு கிழித்த மஞ்சுநாதன்
"இதுக்குக் காசு வாங்கவே கூச்சமா இருக்கு" என்றான்.
வாங்கிக்கொண்டான்.

இவ்வளவு லேசான வண்டிக்கு
அவ்வளவு கனமான ஸ்டியரிங்.
ஓசூரிலிருந்து ஓட்டி வந்த சௌடேஸ்வரி
கிருஷ்ணகிரியில், ராயக்கோட்டை ரோட்டில்,
என் பட்டறை முன் இறங்கியதும்
முதலில் தோள்பட்டையைத்தான் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"காத்து கம்மி" என்றாராம் சூளகிரியில் ஒருத்தர்.
"டயர் அகலம்" என்றாராம்
குருபரப்பள்ளியில் இன்னொருத்தர்.
"பவர் ஸ்டியரிங் போட்டுடுங்க மேடம்,
லேடீஸுக்கு அதான் சரி"
இது எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்,
யாரும் கேட்காமலே.

காற்று பார்த்தேன். இருபத்தாறு. குறையில்லை.
அணைக்குப் போகும் வளைவு வரை நானே ஓட்டினேன்.
திருப்பிவிட்டுக் கையை எடுத்தேன்.
ஸ்டியரிங் அங்கேயே நின்றது,
பந்தியில் இலை கிடைக்காத சம்பந்தி மாதிரி.

பாதி வழக்கு அங்கேயே முடிந்தது.
கோணம் கூடிப்போயிருந்தால்
கனக்கும், கையை விட்டால் ஓடி வரும்.
இது கனக்கவும் செய்கிறது,
வரவும் மாட்டேன் என்கிறது.
உள்ளே ஏதோ ஒன்று
இன்னொன்றைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஜாக்கி போட்டேன்.
முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டன.
இனி ரோட்டைக் குற்றம் சொல்ல முடியாது.
அப்பவும் கனம்.
டை ராடுகளைக் கழற்றினேன்.
சக்கரங்களையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று.
அப்பவும் கனம்.
தண்டின் அடி மூட்டைப் பிரித்து
மேலே ஒற்றை விரலால் சுண்டினால்
ராட்டினமாகச் சுற்றுகிறது ஸ்டியரிங்.
கீழே ரேக் மட்டும்
கம்மென்று கிடந்தது.

டார்ச் அடித்தேன்.
ரேக்கின் முதுகில் ஒரு திருகு, அதன்மேல் பூட்டு நட்.
கம்பெனியில் இழுத்த மஞ்சள் கோடு
நட்டில் ஒரு துண்டு, உடம்பில் ஒரு துண்டு,
ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தன.
விளிம்பில் ஸ்பேனர் கடித்த புதுத் தழும்பு.

நான் எதுவும் கேட்கவில்லை.
வெளிச்சத்தை மட்டும் அங்கேயே வைத்திருந்தேன்.

"நான்தான்" என்றார்.
"போன மாசம் வேப்பனப்பள்ளி ரோட்டுல
டொக்கு டொக்குன்னு சத்தம்.
வீடியோ பார்த்து இறுக்கினேன். நின்னுடுச்சு."
"எவ்வளவு இறுக்கினீங்க?"
"நிக்கிற வரைக்கும்."

சிரிக்கவில்லை நான்.
கூட்டாகக் கடை போட்டவனை
நானும் ஒருகாலத்தில் இப்படி இறுக்கியிருக்கிறேன்.
சத்தம் நின்றது.
ஏழு வருஷமாகப் பேச்சும் இல்லை.

உள்ளே கிரீஸ் நேற்றைய களியாக இறுகியிருந்தது.
வழித்தெடுத்துப் புதிது வைத்தேன்.
திருகைக் கையால் முட்டும்வரை திருகி
அங்கிருந்து பின்வாங்க வேண்டும்
அரைக்கால் சுற்று.
அவ்வளவுதான் இடம்.
அதற்கு மேல் தளர்ந்தால் ஆடும்,
அதற்குள் இருந்தால் பிடிக்கும்.

மறுபடி அணை வளைவு. இப்போது அவர் ஓட்டினார்.
திருப்பி, விட்டார்.
உள்ளங்கைக்குள்ளாகவே வழுக்கித்
தன்னால் நேரானது ஸ்டியரிங்.
கூடவே டொக்கு டொக்கு.

என்னைத் திரும்பிப் பார்த்தார்,
பொய் சொல்லி மாட்டிக்கொண்டது
அந்தச் சத்தம்தான் என்பதுபோல.
இந்த முறை அதன் பின்னாலேயே போனோம்.
ரேக்கைத் தாங்கும் இடது பிடியில்
ரப்பரே இல்லை.
எலியா, வெயிலா, தெரியாது.
ஊர் முழுக்கத் தேடியும் அளவு கிடைக்காமல்
பழைய மாருதியின் புஷ்ஷை அறுத்துப் போட்டேன்.
தொண்ணூறு ரூபாய்.

மாம்பழ லாரிகளுக்கு நடுவே
வெல்லக்கட்டி எறும்பாய் அது நழுவிப் போனபோது
எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது:
"என்னங்க, பவர் போட்டுட்டீங்களா?"

"எடுத்துட்டேன்" என்றேன்.