தலைநகர் படகில் வருகிறது

இந்த வருஷம் அரசாங்கம் எங்கள் தீவுக்கு.
நேற்று அந்தியில் கப்பல் அதைக் கொண்டுவந்து
பவளத்திட்டுக்கு அப்பால் நிறுத்தியது.
இந்தப் பக்கம் வர ஆழம் போதாது.
அலுமினியப் படகில் இரண்டு இரும்புப் பெட்டி,
தார்ப்பாய் போர்த்திய பிரின்டர்,
ரப்பர் முத்திரையை மடியில் இறுக்கிக்கொண்டு தினியேலு.
அலை தூக்கிப் போடும்போதெல்லாம்
அரசும் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது.

டொகெலாவ் என்றால் மூன்று வளையம்.
நடுவில் காயல், ஓரத்தில் கொஞ்சம் மணல்,
மணல் தீருமுன் வீடுகள்.
இங்கிருந்து பார்த்தால் அடுத்த வளையம் தெரியாது.
மேலேயிருந்து பார்த்தால்
ஈரக் கோப்பையை வைத்தெடுத்த தடம் மாதிரி இருக்குமாம்.
மேலேயிருந்து யார் பார்த்தது?
விமானம் இறங்க இடமில்லை.
தீவில் உயரமான இடம் எது என்று பரீட்சையில் கேட்டால்
பிள்ளைகள் தென்னைமரம் என்று எழுதுகிறார்கள்.
வாத்தியார் பாதி மதிப்பெண் போடுகிறார்.

நான் லெபெக்கா. கணக்கு எழுதுகிறவள்.
எங்கள் கடலில் சூரை பிடிக்கத்
தூரதேசத்துக் கப்பல்கள் கட்டுகிற பணம்தான் பெரிய வரவு.
அந்தக் கப்பல்களை நான் பார்த்ததில்லை.
சில இரவுகளில் அடிவானத்தில் ஒரு வெளிச்சம்,
அதற்கு ரசீது என் கையெழுத்தில்.
மிச்சத்துக்கு நியூசிலாந்து இருக்கிறது.
தபால்தலை விற்ற காசும் உண்டு;
அதை ஒட்டிக் கடிதம் போடுகிறவர்தான் யாருமில்லை.

போன டிசம்பரில் ஒரு நாளையே செலவெழுதினோம்.
தேதிக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் சேர்ந்துகொண்டோம்:
வியாழன் படுத்தோம், சனிக்கிழமை எழுந்தோம்.
ஸியோலோவுக்கு அந்த வெள்ளியன்றுதான் அறுபது முடிய இருந்தது.
முடிந்ததா இல்லையா?
படிவத்தில் அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.
பார்க்கும்போதெல்லாம்
என் வயதை என்ன செய்தாய் என்கிறான்.

அதற்கும் முன்னால், தன்னாட்சிக்கு ஓட்டுப் போட்டோம்.
ஒருமுறை; அடுத்த வருஷம் மறுபடி.
மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.
பதினாறு ஓட்டுக் குறைந்தது.
பதினாறு என்றால் இரண்டு வீடு, பெரிய வீடாக இருந்தால்.
யார் என்று யாரும் கேட்கவில்லை.
மறுநாளும் அதே மீன், அதே பாய்.

இன்று மீன் வந்திருக்கிறது.
சபைக் கூடத்துக்கு முன்னால் ஓலைப்பாயை விரித்து
ஃபலனிகோ பிரிக்கிறான்.
வீட்டுக்கு எத்தனை பேரோ அத்தனை பங்கு.
பிடித்தவனுக்கும் அதுதான்,
செவ்வாய்க்கிழமை பிறந்த, பல்லில்லாத அந்தப் பெண்ணுக்கும் அதுதான்.
தினியேலு ஒதுங்கி நிற்கிறார், விருந்தாளி மாதிரி.
"அரசாங்கத்துக்கு எத்தனை வாய்?" என்று ஃபலனிகோ கேட்கிறான்.
"மூன்று."
மூன்று மீன் வைத்தான்.
பிரின்டருக்கு வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள்,
தினியேலுவும் சிரித்துவிட்டார்.

நான் நோட்டோடு நின்றேன்.
மக்கள்தொகை எவ்வளவு என்று
வெலிங்டனிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது.
வீடு வீடாகப் போவானேன்,
பாயை எண்ணினால் போதும்.

எண்ணிக்கொண்டு வந்தேன். கிழக்குக் கோடியில் ஒரு குவியல்,
ஒன்பது பங்கு. குரேசா வீட்டுக்கு.

குரேசாவும் பிள்ளைகளும் நேற்று
அரசாங்கத்தை இறக்கிய அதே கப்பலில் ஏறிப் போனார்கள்.
அங்கே வேலை கிடைத்திருக்கிறது.
பாய் தலையணை எல்லாம் எடுத்துக்கொண்டு.

எல்லோரும் பார்த்தோம். யாரும் வாய் திறக்கவில்லை.
ஃபலனிகோ குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான்,
பிறகு எல்லாவற்றையும் வாரி நடுவில் போட்டு
முதலிலிருந்து பிரித்தான்.

எங்கள் வீட்டுக்கு இன்று
வழக்கத்தைவிட அரை மீன் கூடுதல்.
வரவில் எழுதுவதா அதை?

படிவத்தில் எண்ணை அடித்துத் திருத்தினேன்.
மை உலர வேண்டும், முத்திரை வைக்கக் காத்திருக்கிறார்.
கடல்காற்று. உலரவில்லை.