கசிவு

மூன்றாவது தடவையும் அதே வரி:
‘இந்த இரவுக்குத் தரவு இல்லை.’
இல்லையாம்.
ஹட்டன் பொகவந்தலாவை பஸ் ஓட்டுகிற ஆள்
முகத்தில் தும்பிக்கை மாட்டிக்கொண்டு
விடியும்வரை என் பக்கத்தில்தான் கிடந்தார்.

மிஷின் வருமுன் நான்தான் எண்ணினேன்.
குறட்டை பட்டென்று அறும்.
பதினெட்டு, பத்தொன்பது, இருபது...
முழங்கையால் ஓர் இடி.
ஏற்றத்தில் கியர் மாற்றிய லொறிபோல்
மூச்சு திரும்பும்.
அதை எந்த டாக்டரும் அச்சடித்துக் கேட்கவில்லை.

இப்போது நுவரெலியாவுக்கு
முப்பது இரவுகள் தாளில் வேண்டும்.
தாள் இல்லாமல் கடிதம் இல்லை,
கடிதம் இல்லாமல் விஜயரட்ணத்துக்கு ஸ்டியரிங் இல்லை.

‘வேரோட புடுங்குங்க அக்கா,
மண்ணோட புடுங்கிறாதீங்க’ என்றான்
டவுனில் போன் திருத்தும் நஸ்மி.
மண் என்றது நகத்தளவு கார்டை.
அதைக் கழற்றி அரிசி டப்பாவில் வைத்துவிட்டு
‘நீக்கு’ அழுத்தினேன்.
உறுதியாகவா என்றது.
உங்கள் தரவையும் சேர்த்து நீக்கவா என்றது.
இவ்வளவு அமைதியாக
இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

திரும்ப இறக்க சிக்னல் வேண்டும்.
அது தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.
ஐப்பசி மழை. ஒரு குடை.
குடை லேப்டொப்புக்கு.
தொண்ணூற்றாறு சதவீதத்தில் ஒரு முகில் வந்து
எல்லாவற்றையும் நிறுத்தியது.
முகில் போகும்வரை நின்றேன்.

நீலக் கோடுகள் வந்தன.
ஆனால் என் புருஷன் நட்டநடுப் பகலில் தூங்கிக்கொண்டிருந்தார்.

டொரொன்டோவில் யாரோ உறங்கி முடித்த மிஷின் இது.
மணிக்கூடு இன்னும் அங்கேயே இருக்கிறது.
நாங்கள் ஒன்பதே காலுக்குப் படுத்தால்
அதற்கு முற்பகல் பதினொன்றே முக்கால்.
பன்னிரண்டு அடித்ததும் நாளை முறிக்கும் மென்பொருள்
ஒவ்வொரு இரவின் தலையையும் வெட்டி
முந்தின நாளின் வாலில் ஒட்டியிருந்தது.

ஒன்பதரை மணித்தியாலம் கூட்டினேன்.

கூட்டியதும் இரவுகள் இரவுகளாயின.
அப்புறம்தான் அதைப் பார்த்தேன்.
இரண்டு நாற்பதுக்குக் கோடு அறுகிறது.
இரண்டு ஐம்பத்தொன்றுக்குத் திரும்ப வருகிறது.
முப்பதில் இருபத்தேழு இரவுகள், பதினொரு நிமிட வெள்ளை.
அறாத மூன்று திகதிகளையும்
ஃபெக்டரி மழைமானிக் கொப்பியில் தேடினேன்.
அந்தக் கொப்பி எழுதுவது நான்.
மூன்றிலும் என் கையெழுத்தில் ஒரே எண்:
பூச்சியம்.

அன்றிரவு கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தேன்.
மாஸ்க் பட்டி கழன்றது. டோர்ச். பின்கதவு.
குசினி ஜன்னலால் பார்த்தேன்.
மண்மேட்டின் வெடிப்புக்கு இருபுறமும் இரண்டு கம்பு.
நடுவில் குந்தியிருந்தார், தலையில் உரச்சாக்கு.
பழைய பஸ் டிக்கெட் ஒன்றை மடித்து
இடைவெளிக்குள் விட்டுப் பார்த்தார்.
இன்னொரு மடிப்பு மடித்தார்.
ஒபீசர்மார் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டுப் போனது
போன வருசம்.
வேறு இடத்தில் வீடு வரும் என்றது
அதற்கு முந்தின வருசம்.

வந்து படுத்தார். குளிர்ந்த கால்.
மிஷின் இரைய ஆரம்பித்தது.
கேட்கவில்லை நான். எண்ணவும் இல்லை.

டாக்டர் தாள்களைப் புரட்டினார்.
வெள்ளையை அவர் கவனிக்கவில்லை;
கீழே ஓடும் சிவப்புக் கோட்டில் பேனாவை வைத்தார்.
‘கசிவு கூடுதலா இருக்கே. எந்தப் பக்கம்?’
இவர் என்னைப் பார்த்தார்.

‘பின்பக்கம்’ என்றேன்.

டாக்டர் தலையசைத்து,
ஒரு சைஸ் சின்ன மாஸ்க் எழுதித் தந்தார்.