இதர

அறுபத்துநாலு படிவங்கள்.
துறையின் ஜன்னல் வழியே வந்த ஆடிக்காற்று
முதல் ஒன்பதைத் தரையில் போட்டது.
பொறுக்கி, தூசி தட்டி, மேலே ஸ்டேப்ளரை வைத்தேன்.

'முதலாண்டு மாணவர் பின்னணி, மனப்பான்மை, பழக்கவழக்கம்'
தடித்த எழுத்தில் தலைப்பு.
எண்ணிப் போடுவது என் வேலை.
மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் விரிவுரையாளருக்கு
இந்த மணிகள் கணக்கில் வராது.

தந்தையின் தொழில்.
விவசாயம் ஒன்று, கூலி இரண்டு, அரசு மூன்று,
தனியார் நான்கு, வியாபாரம் ஐந்து, இதர ஒன்பது.
ஆறும் ஏழும் எட்டும் எங்கே போயின என்று
கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

பணகுடி இசக்கிதுரை:
காற்றாலைக்குக் காவல். காற்றில்லாத மாசம் வீட்டில.
ஒன்பது.
உவரி ஜெபிஷா:
கடலுக்குப் போனால் மீன்பிடி, போகாவிட்டால் ஒன்றுமில்லை.
ஒன்பது.
மூலைக்கரைப்பட்டிப் பையன்
'பம்பாய்ல இருக்காவ' என்று மட்டும் எழுதி
என்ன செய்கிறார் என்பதற்குக் கோடு போட்டிருந்தான்.
அழுத்திப் போட்ட கோடு.
தாளின் மறுபக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிறது.
ஒன்பது.

தாயின் தொழில்: 'இல்லத்தரசி' முப்பத்தெட்டு.
முக்கூடல் பக்கத்துப் படிவம் ஒன்றில்
அந்தச் சொல்லின் மேலேயே ஒரு துணுக்குப் பீடித்தூள்.
ஊதிவிட்டேன்.

வீட்டிலுள்ள புத்தகங்கள் எத்தனை?
நான்கு, என்கிறாள் உச்சிமாகாளி.
ரேஷன் புத்தகம், பேங்க் பாஸ்புக்,
மகளிர் குழுக் கணக்கு நோட்டு,
அக்காவின் பழைய உயிரியல்.
வாய்விட்டுச் சிரித்தேன்.
அக்கா உயிரியலோடு ஏன் நின்றாள் என்பது
மூன்று படிவங்கள் தள்ளித்தான் உறைத்தது.

இந்தப் பாடத்தைத் தேர்ந்த காரணம்?
'பஸ் ஸ்டாப்புக்குக் கிட்ட இந்த பில்டிங்.'
'கெமிஸ்ட்ரி கிடைக்கல.'
'மாமா சொன்னாவ.'
மேலப்பாளையம் செய்யதலி பாத்திமா மட்டும்
'அண்ணன் படிக்காத பாடமா இருக்கட்டும்னு.'

எதிர்காலத் திட்டம்: போலீஸ், பத்தொன்பது பேர்.
அதில் ஐந்தாறு பேருக்கு உயரம் போதாது.
அதை நான் சொல்லப் போவதில்லை.
ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்றதற்கு
ஜெபிஷா திருப்பிக் கேட்டிருந்தாள்,
எத்தனை மணி ஓய்வு?

நண்பர்களை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்?
பையன்கள் எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர்
'நல்லவனா இருந்தாப் போதும்.'
வாங்கும்போது கவனித்தேன்,
படிவம் நீட்டிய பத்துப் பன்னிரண்டு மணிக்கட்டுகளில்
வெயில் படாத ஒரு வளையம்.
பள்ளிக்கூடத்தில் கட்டிய கயிறு
நிறத்தை எடுத்துக்கொண்டு போய்
வெளுப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.
சேர்க்கைக்கு முந்தின நாள் அறுத்திருப்பார்கள்.
யார் சொல்லி? அம்மாவின் கத்தரியா, சொந்தப் பல்லா?
அதற்குக் கட்டம் இல்லை, இதரவிலும்.

விழிக்கும் நேரம், சராசரி: நாலு ஐம்பத்திரண்டு.
பயணத் தூரம், சராசரி: முப்பத்தொரு கிலோமீட்டர்.
சுருள்கம்பி கோத்து அறிக்கை மேலே போயிற்று.
மேலே என்பது இரண்டாம் மாடி, பச்சை பீரோ.

நான் செய்தது ஒன்றே ஒன்று.
ஒன்பதரைக்கு எடுக்கும் வருகைப்பதிவை
பாடம் முடிகிற பத்து இருபதுக்கு மாற்றினேன்.
பணகுடி வண்டி வள்ளியூரில் நின்று நாங்குநேரியில் நின்று
ஒன்பது ஐம்பதுக்குத்தான் வந்து சேர்கிறது.
அன்றிலிருந்து இசக்கிதுரை
தலைதெறிக்க ஓடி வருவதில்லை.
நடந்து வருகிறான்.
பத்தே காலுக்கு.

எட்டே முக்காலுக்கே வந்து முதல் பெஞ்சில் உட்காரும் பாத்திமா
வராந்தாவில் மறித்தாள்.
'மேம், அப்ப சீக்கிரம் வாறவளுக்கு என்ன?'

அறைக்குத் திரும்பி
அவள் படிவத்தை உருவி எடுத்தேன்.
மூன்றரை கிலோமீட்டர். நடை.
வீட்டில் படிக்க இடம் உண்டா?
உண்டு என்பதை அடித்திருந்தாள்.
இல்லை என்பதையும் அடித்து
ஓரத்தில் எழுதியிருந்தாள்:
'காலை ஏழு மணி வரைக்கும்.'
பக்கத்தில், என் சிவப்பு மையில், ஒன்பது.